சோப்புக் கட்டியின் மேல் ஏன் இந்தச் சந்தேகம்?

ஊரே தொட்ட சோப்பை எடுத்துத் தேய்த்தால் கை எப்படிச் சுத்தமாகும்? கொரோனாவுக்குப் பிறகு பல வீடுகளில் வாஷ்பேசின் மேலிருந்து சோப்பு டப்பா இறங்கி, பம்பு வைத்த பாட்டில் ஏறியதற்கு இந்த ஒரு கேள்வியே போதுமானதாக இருந்தது. கேட்பதற்கு நியாயமான கேள்விதான். அழுக்குக் கையோடு வருகிறவர் முதலில் தொடுவது சோப்பை. அடுத்து வருகிறவரும் அதையேதான் தொடுகிறார். தண்ணீரில் ஊறிக் கொழகொழத்து, யாருடைய தலைமுடியோ ஒட்டிக்கொண்டு கிடக்கும் சோப்பைப் பார்த்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். பாட்டிலில் அந்தத் தொல்லை இல்லை. உள்ளே இருப்பதை யாரும் தொடுவதில்லை. ஆகவே திரவ சோப்பு சுத்தம், கட்டிச் சோப்பு அழுக்கு என்று முடிவு கட்டிவிடுகிறோம். இந்த முடிவு கண்ணுக்குப் பட்டதை வைத்து எடுத்தது. சோதனைக்கூடத்தில் பார்த்தவர்களுக்குக் கிடைத்த விடை வேறாக இருக்கிறது. தொற்றுநோயாளி யாரும் இல்லாத சாதாரண வீட்டில் கை கழுவவும் குளிக்கவும் கட்டிச் சோப்பு போதும், திரவ சோப்பு சில பேருக்கும் சில இடங்களுக்கும் மட்டும் தேவைப்படுவது என்பது என் கட்சி.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு தொடங்கலாம். பயன்படுத்திய சோப்புக் கட்டியின் மேல் பாக்டீரியா இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நமக்கு வேண்டிய விடை, அது அடுத்தவர் கைக்குப் போய்ச் சேர்கிறதா என்பதற்கு. 1965ல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையில், ஆய்வாளர்கள் தங்கள் கைகளில் கோடிக்கணக்கில் பாக்டீரியாவை வேண்டுமென்றே பூசிக்கொண்டு சோப்புக் கட்டியால் கழுவினார்கள். பிறகு அதே கட்டியை வேறொருவருக்குக் கொடுத்துக் கழுவச் சொன்னார்கள். முதல் ஆளின் கிருமி இரண்டாம் ஆளின் கைக்குப் போகவில்லை. 1988ல் இன்னும் கடுமையாகச் சோதித்தார்கள். ஈ.கோலை, சூடோமோனாஸ் என்ற இரண்டு வகைப் பாக்டீரியாக்களைச் சோப்புக் கட்டிகளில் ஏற்றினார்கள். புழக்கத்தில் உள்ள சோப்பில் காணப்படும் அளவைப்போல எழுபது மடங்கு. அந்தச் சோப்பால் 16 பேர் வழக்கம்போலக் கை கழுவினார்கள். கழுவிய பிறகு ஒருவர் கையிலும் அந்தப் பாக்டீரியா கண்டறியும் அளவுக்கு இல்லை. இதில் மாயம் ஒன்றுமில்லை. சோப்பு கிருமியைக் கொன்றால்தான் கை சுத்தமாகும் என்பதல்ல. தோலில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பசையையும் அதோடு சேர்ந்த அழுக்கையும் கிருமியையும் அது பிடியிலிருந்து நெகிழ்த்துகிறது. தண்ணீர் அடித்துக்கொண்டு போகிறது. சோப்பின் மேற்பரப்பிலிருந்து வந்த கிருமிக்கும் அதே கதிதான். அதோடு, நல்ல சோப்புக் கட்டி காரத்தன்மை மிகுந்தது, உள்ளே ஈரம் குறைவு. பாக்டீரியா குடும்பம் நடத்த ஏற்ற இடமல்ல.

விவரமறிந்த வாசகர் இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்த ஆய்வுகளைச் செய்தவர்கள் யார்? இரண்டையும் செய்தவர்கள் சோப்பு நிறுவனங்களின் ஆய்வாளர்கள். சோப்பு விற்பவர் சோப்பு நல்லது என்று சொல்வதில் வியப்பில்லை. எனவே அந்த முடிவுகளைச் சற்று எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அதே அளவுகோலை எதிர்ப்பக்கத்துக்கும் வைத்துப் பார்ப்பதுதான் முறை. திரவ சோப்பு தன்னளவில் தூய்மையானது என்பதற்கு என்ன சான்று? 2011ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, மேலே மூடியைத் திறந்து ஊற்றி நிரப்பும் பொதுக் கழிவறை டிஸ்பென்சர்களைச் சோதித்தது. நான்கில் ஒன்றில் பாக்டீரியா மிகுதியாக வளர்ந்திருந்தது. அதே ஆண்டில் வந்த இன்னொரு ஆய்வு ஒரு தொடக்கப் பள்ளியில் நடந்தது. அங்கிருந்த 14 சோப்பு டிஸ்பென்சர்களும் ஏற்கெனவே மாசுபட்டிருந்தன. அவற்றால் கை கழுவிய மாணவர்கள், ஊழியர்கள் கைகளில் கிராம்-நெகட்டிவ் வகைப் பாக்டீரியா கழுவுவதற்கு முன் இருந்ததைப்போல 26 மடங்கானது. கை கழுவப் போய்க் கிருமியை வாங்கிக்கொண்டு வந்த கதை. இந்த ஆய்விலும் ஒரு நிறுவனத்தின் கை உண்டு; சீல் வைத்த உறைகளில் சோப்பு விற்கும் நிறுவனம் அது. ஆக இரு பக்கமும் வியாபாரம் இருக்கிறது. ஆனாலும் மருத்துவமனைகளில் மாசுபட்ட திரவ சோப்பால் செராட்டியா போன்ற கிருமிகள் பரவிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2009ல் வெளியிட்ட கை சுகாதார வழிகாட்டி, பாதி தீர்ந்த டிஸ்பென்சரில் மேற்கொண்டு சோப்பு ஊற்றி நிரப்பக் கூடாது என்று திட்டவட்டமாகச் சொல்கிறது.

பொதுக் கழிவறைக்குச் சொன்னதை வீட்டுக்குப் பொருத்தலாமா என்று கேட்கலாம். நம் வீடுகளில் நடப்பதை ஒருமுறை கவனித்தால் போதும். பாட்டிலில் சோப்பு அடியைத் தொட்டதும் பம்பு காற்றைத்தான் கக்கும். உடனே மூடியைத் திருகி, குழாயடியில் பிடித்துக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மூடிக் குலுக்கி, இன்னும் நான்கு நாள் ஓட்டுவோம். சிக்கனத்துக்குப் பெயர் போனவர்கள் நாம். ஷாம்பு பாட்டிலுக்கும் பாத்திரம் தேய்க்கும் திரவத்துக்கும் இதே மரியாதைதான். அப்புறம் ரீஃபில் பையை வெட்டி, கழுவிக் காயவைக்காத அதே பாட்டிலில் ஊற்றுவோம். ஒரே பாட்டில் இரண்டு மூன்று ஆண்டுகள்கூட ஓடும். திரவ சோப்பு என்பது பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் இருக்கும் இடத்தில் கிருமி வளரும் என்பதால்தான் அதில் பதனப்பொருள் சேர்க்கிறார்கள். அது வேலை செய்யக் குறிப்பிட்ட அடர்த்தி வேண்டும். குழாய்த் தண்ணீரை ஊற்றிக் குலுக்கியதும் அந்த அடர்த்தி குறைகிறது; தண்ணீரோடு புதுக் கிருமியும் உள்ளே போகிறது. கட்டிச் சோப்பின் மேல் இருக்கும் கிருமியாவது கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், ஒவ்வொரு முறையும் தண்ணீரில் கழுவப்படுகிறது. பாட்டிலுக்குள் இருப்பதைக் கழுவ ஆளில்லை. தண்ணீர் கலக்காமல், பாட்டிலைக் கழுவிக் காயவைத்து நிரப்புகிற வீடுகளுக்கு இந்தக் குற்றச்சாட்டு பொருந்தாது. அப்படிப்பட்ட வீடுகள் எத்தனை என்பதை வாசகரே சொல்லட்டும்.

சுத்தத்தில் கட்டிச் சோப்பு தோற்கவில்லை என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது அளவு. சூரிச்சில் உள்ள சுவிஸ் கூட்டாட்சித் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2009ல் வீட்டு உபயோகப் பொருள்களின் சுற்றுச்சூழல் சுமையைக் கணக்கிட்டபோது, ஒருமுறை கை கழுவக் கட்டிச் சோப்பு 0.35 கிராமும் திரவ சோப்பு 2.3 கிராமும் செலவாவதாகக் கண்டார்கள். கிட்டத்தட்ட ஏழு மடங்கு. பம்பு ஒரு அழுத்துக்கு இவ்வளவு என்று தள்ளிவிடும். கைக்கு வேண்டியது எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. குழந்தைகள் விளையாட்டுக்கே நான்கு அழுத்து அழுத்துவார்கள். கட்டியைத் தேய்க்கும்போது நுரை வந்ததும் கை தானாக நிற்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 கிராம் சோப்பு 285 முறை கை கழுவ வருகிறது. அதே 285 முறைக்குத் திரவ சோப்பு 650 கிராமுக்கு மேல் வேண்டும். 200 மில்லி பாட்டில் என்றால் மூன்று தீர்ந்து நான்காவதைத் திறக்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் உலர்ந்த குளியலறைக் கணக்கை நம் ஈரம் சொட்டும் குளியலறைக்குப் பொருத்த முடியாது, நம்மிடம் பாதிச் சோப்பு டப்பாவிலேயே கரைந்துபோகிறது என்று ஒருவர் சொல்லக்கூடும். சரி, பாதியைக் கழித்துவிடுவோம். அப்போதும் ஒரு கட்டிக்கு ஒன்றரைப் பாட்டில் என்ற விகிதம் நிற்கிறது.

அதே ஆய்வு இன்னும் இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. ஒன்று, திரவ சோப்பின் மூலப்பொருள்களைத் தயாரிக்க ஐந்து மடங்கு ஆற்றலும், அதை அடைக்கும் பாட்டிலுக்கும் உறைக்கும் ஏறத்தாழ இருபது மடங்கு ஆற்றலும் செலவாகின்றன. இன்னொன்று கட்டிச் சோப்புக்கு எதிரானது: கட்டியால் கழுவுகிறவர்கள் நுரை வரத் தேய்க்கவும் கழுவவும் அதிக நேரம் எடுத்துக்கொள்வதால் வெந்நீர் அதிகம் செலவாகிறது. குளிர்நாட்டில் வெந்நீருக்கு எரியும் எரிபொருளையும் கணக்கில் சேர்த்த பிறகும், திரவ சோப்பின் கரிமச் சுமையே கால்பங்கு கூடுதலாக இருந்தது. தமிழ்நாட்டில் கை கழுவ யாரும் வெந்நீர் போடுவதில்லை என்பதால் அந்தக் குறை நமக்குப் பெரிதாகப் பொருந்தாது. ஆனால் தண்ணீரின் கணக்கு நமக்கு வேறு விதத்தில் கடுமையானது. 2019 கோடையில் லாரித் தண்ணீருக்கு இரவெல்லாம் குடத்தோடு காத்திருந்த சென்னைக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கையைத் தேய்க்கும் நேரத்தில் குழாயை மூடாமல் விடுவது கட்டிச் சோப்புக்காரருக்கும் பாட்டில்காரருக்கும் பொதுவான குற்றம்.

இவ்வளவு இருந்தும் பாட்டில் எப்படி வென்றது? திரவ சோப்பு புதுக் கண்டுபிடிப்பு அல்ல. நியூயார்க்கைச் சேர்ந்த வில்லியம் ஷெப்பர்ட் 1865லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அதன்பின் நூறாண்டுக்கு மேல் அது பெரும்பாலும் பொதுக் கழிவறைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும்தான் இருந்தது. வீட்டுக்குள் அதைப் பெரிய அளவில் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் மினடோங்கா என்ற சிறு நிறுவனத்தின் ராபர்ட் டெய்லர். 1980ல் ‘சாஃப்ட்சோப்’ என்ற பெயரில் பம்பு பாட்டிலை நாடு முழுக்க இறக்கினார். சோப்பு திரவத்தை எந்தப் பெரிய நிறுவனமும் மறுநாளே காய்ச்சிவிடும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் அவர் கைவைத்தது பம்பின் மேல். அந்தப் பிளாஸ்டிக் பம்பைச் செய்யும் தொழிற்சாலைகள் அப்போது அமெரிக்காவில் மிகச் சில. அவற்றுக்கு 10 கோடி பம்புகளுக்கு ஆர்டர் கொடுத்து, போட்டியாளர்களுக்குப் பம்பே கிடைக்காமல் செய்துவிட்டார். பெரிய நிறுவனங்கள் சுதாரிப்பதற்குள் சந்தை அவர் கைக்குள் வந்தது. 1987ல் அந்தச் சோப்புத் தொழிலைக் கோல்கேட்-பாமாலிவ் நிறுவனம் வாங்கிக்கொண்டது. வியாபாரச் சாமர்த்தியத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை. ஆனால் இதில் கவனிக்க வேண்டியது, போட்டி முழுக்க பம்பைச் சுற்றியே நடந்தது என்பது. எந்தச் சோப்பு நன்றாகக் கழுவுகிறது என்ற போட்டி அங்கே நடக்கவே இல்லை.

அந்தப் பம்புதான் இன்று குப்பையிலும் தலைவலி. பாட்டில் ஒரு வகைப் பிளாஸ்டிக், பம்பு வேறு வகை, அதற்குள் பெரும்பாலும் ஒரு உலோகச் சுருள், உறிஞ்சு குழல். பழைய பேப்பர்க் கடைக்காரர் பாட்டிலை எடுத்துக்கொள்வார்; பம்பைத் திருகித் தூக்கி எறிவார். ரீஃபில் பை வாங்கினால் பிளாஸ்டிக் குறையும் என்கிறார்கள். எடையில் குறைகிறது, உண்மைதான். ஆனால் அந்தப் பை பல படலங்களை ஒட்டிச் செய்தது. பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம் என்பதால் குப்பை பொறுக்குகிறவர்கள்கூட அதை எடுப்பதில்லை. தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை விதித்தபோது தள்ளுவண்டிக்காரர் கேரிபேக்கைக் கைவிட்டார். கடை அலமாரியில் வரிசையாக நிற்கும் பாட்டிலுக்கும் பைக்கும் ஒன்றும் ஆகவில்லை. சோப்புக் கட்டியைச் சுற்றியிருப்பது ஒரு மெல்லிய உறை, மிஞ்சினால் ஒரு அட்டைப் பெட்டி. தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து லாரியில் ஊர் ஊராகக் கொண்டுபோகும் வேலையும் அதற்கு இல்லை. அந்த வகையில், சிறு பாக்கெட்டில் பொடியாக வாங்கி வீட்டில் தண்ணீர் கலந்து திரவமாக்கிக்கொள்ளும் புதுவகை ஹேண்ட்வாஷ், பாட்டில்களுக்கிடையில் புத்திசாலித்தனமானது. திரவம்தான் வேண்டும் என்கிறவர்கள் அதைப் பார்க்கலாம்.

விலைக்கு வருவோம். ரீஃபில் பை வந்த பிறகு திரவ சோப்பு மலிவாகிவிட்டது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 750 மில்லி பையைப் பார்த்தால் ஏதோ மாதக்கணக்கில் வரும்போலத் தோன்றும். மேலே சொன்ன அளவுப்படி அது 325 முறை கை கழுவ வரும். 115 கிராம் கட்டிச் சோப்பு ஒன்றும் ஏறத்தாழ அவ்வளவே வரும். அடுத்தமுறை மளிகை வாங்கும்போது இந்த இரண்டின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லிட்டரையும் கிராமையும் ஒப்பிடுவதை விட்டுவிட்டு, எத்தனை கழுவலுக்கு வரும் என்று ஒப்பிட்டால் படம் மாறும். வரியும் இப்போது கட்டிக்குச் சாதகமாக இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் கட்டி வடிவக் குளியல் சோப்புக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. திரவ சோப்பு 18 சதவீதத்திலேயே விடப்பட்டது. ஏழை, நடுத்தர வீடுகளின் மாதச் செலவைக் குறைப்பது நோக்கம் என்று அரசு சொன்னது. பிளாஸ்டிக்கை மனதில் வைத்துச் செய்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் விளைவு நல்ல பக்கம்தான் சாய்ந்திருக்கிறது.

கட்டிச் சோப்புக்கு எதிராகச் சொல்லப்படுவதில் எனக்கு வலுவாகப் படுவது தோலைப் பற்றியது. தோலின் மேற்பரப்பு இயல்பில் இலேசான அமிலத்தன்மை உடையது. சோப்போ காரம். அடிக்கடி கழுவினால் தோல் வறண்டு, வெடித்து, சிலருக்கு அரிப்பும் வரும். திரவ ஹேண்ட்வாஷ்களில் பெரும்பாலானவை வேதியியல்படி சோப்பே அல்ல. சோடியம் லாரத் சல்பேட் போன்ற செயற்கைச் சலவைப் பொருள்கள். அவற்றின் காரத்தன்மையைத் தோலுக்கு ஏற்றபடி குறைத்து அமைக்க முடியும். உப்புத் தண்ணீரிலும் அவை நுரைக்கும். போர்வெல் தண்ணீரை நம்பியிருக்கும் ஊர்களில் சோப்பு தேய்த்தால் நுரைக்குப் பதில் வெள்ளைத் திரி திரியாக வருவதும், வாளியின் உள்விளிம்பில் வளையமாகப் படிவதும் எல்லோரும் பார்ப்பது. தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பொருளாக மாறுவதால் வருவது அது. அந்த ஊர்க்காரர் கட்டிச் சோப்பை அலுத்துக்கொண்டால் குறை சொல்ல முடியாது. ஆனால் செயற்கைச் சலவைப் பொருள்களைக் கொண்டே செய்த கட்டிகளும் கடையில் உண்டு; தோல் மருத்துவர்கள் எழுதித்தரும் சோப்புகளில் பல அந்த வகை. ஆகவே இது கட்டியா திரவமா என்பதைவிட, உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பற்றிய கேள்வி. திரவத்தில் சேரும் பதனப்பொருளும் எல்லாத் தோலுக்கும் ஒத்துவருவதில்லை. மெத்தில்ஐசோதையசோலினோன் என்ற பதனப்பொருளால் ஒவ்வாமை பெருகியதால் ஐரோப்பிய ஒன்றியம் பூசிக்கொள்ளும் கிரீம்களில் அதைத் தடை செய்து, கழுவிவிடும் பொருள்களில் மிகக் குறைந்த அளவுக்குள் அடக்கியது.

உறையைப் படிக்கும் வழக்கம் நம்மிடம் குறைவு. கட்டிச் சோப்பை ஆதரிப்பவன் என்ற முறையில் இங்கே கட்டி விற்பவர்களையும் ஒரு பிடி பிடிக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் விதிப்படி குளியல் சோப்பு மூன்று தரம். மொத்தக் கொழுப்புப் பொருள் (டிஎஃப்எம்) 76 சதவீதம் இருந்தால் முதல் தரம், 70 இருந்தால் இரண்டாம் தரம், 60 இருந்தால் மூன்றாம் தரம். இதில் சேராத இன்னொரு வகை உண்டு. உறையில் ‘பேத்திங் பார்’ என்று போட்டிருக்கும். அதில் கொழுப்புப் பொருள் 40 சதவீதம் இருந்தாலே விதி நிறைவேறிவிடும். கொழுப்புப் பொருள் குறைந்து நிரப்புப் பொருள் கூடினால் பல கட்டிகள் தண்ணீரில் சீக்கிரம் கரைந்து, அடி கொழகொழவென்று ஆகும். கட்டிச் சோப்பு சட்டென்று கரைந்துபோகிறது என்று பாட்டிலுக்கு மாறியவர்களில் பலர் வாங்கிக்கொண்டிருந்தது இதுவாக இருக்கலாம். விலை நான்கு ரூபாய் குறைவு என்று எடுப்பதற்கு முன் டிஎஃப்எம் என்ற எழுத்துகளுக்கு எதிரே உள்ள எண்ணைப் பார்ப்பது நல்லது. மற்றபடி, கிருமியைக் கொல்லும் என்று உறையில் கொட்டை எழுத்தில் இருப்பதற்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. கராச்சியில் நடந்து 2005ல் வெளியான ஓர் ஆய்வில், குடிசைப் பகுதி வீடுகளுக்குச் சோப்புக் கட்டிகள் கொடுத்துக் கை கழுவப் பழக்கியபோது ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் நிமோனியா பாதியாகக் குறைந்தது. பதினைந்து வயதுக்குட்பட்டவர்களிடம் வயிற்றுப்போக்கும் பாதிக்கு மேல் குறைந்தது. சில வீடுகளுக்குச் சாதாரணச் சோப்பு, சில வீடுகளுக்குக் கிருமிநாசினி சோப்பு. பலனில் வேறுபாடு இல்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016ல் டிரைக்ளோசான் உட்பட 19 கிருமிநாசினிப் பொருள்களை வீட்டுச் சோப்புகளிலிருந்து நீக்க உத்தரவிட்டதும், சாதாரணச் சோப்பைவிட அவை மேலானவை என்று தயாரிப்பாளர்கள் மெய்ப்பிக்காததால்தான்.

பாட்டில் வேண்டிய இடங்களும் உண்டு. வீட்டில் ஒருவருக்குச் சிரங்கோ சீழ்க்கட்டியோ ஆறாத புண்ணோ இருந்தால் துண்டு தனியாக வைப்பதுபோலச் சோப்பையும் தனியாக வைக்க வேண்டும். அந்த நாள்களில் பாட்டில் வசதி. முடக்குவாதத்தால் விரல் மடங்காத முதியவருக்கு வழுக்கும் கட்டியைப் பிடிப்பது கஷ்டம், குனிந்து எடுக்கப்போய் விழுந்தால் சோப்புக் கணக்கெல்லாம் அற்பம். படுக்கையில் இருப்பவரைத் துடைத்துவிடுகிறவருக்கும் அப்படியே. ஆஸ்பத்திரி, கிளினிக், நூறு பேர் வந்துபோகும் கல்யாண மண்டபம் ஆகியவற்றில் சீல் வைத்த உறையோடு மாற்றும் திரவ சோப்பு சரி. குழந்தைகள் கட்டியைவிடப் பம்பை ஆசையாக அழுத்திக் கை கழுவுகிறார்கள் என்றால் பழக்கம் படியும்வரை பாட்டில் இருந்துவிட்டுப் போகட்டும், பழக்கம்தான் முக்கியம். விருந்தாளி முகம் சுளிப்பார் என்ற காரணத்தை மட்டும் நான் ஏற்க மாட்டேன். அதற்கு ஒரு புதுச் சோப்பை உறை பிரித்து வைத்தால் போதும்.

கட்டிச் சோப்பின் மிச்சக் குறை டப்பாவில்தான் இருக்கிறது. அடி மூடிய டப்பாவில் தண்ணீர் தேங்கி, சோப்பு ஊறி, அந்தக் கஞ்சியில்தான் கிருமி தங்குகிறது. சிறிய கட்டியாக, தண்ணீர் வடியும் தட்டில் வைத்துக் காயவிடச் சொல்வது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரையும்கூட. அடியில் ஓட்டையும் மேட்டுவரியும் உள்ள டப்பா பத்து இருபது ரூபாய்க்குக் கிடைக்கிறது. டப்பாவைப் போலவே அதை வைக்கும் இடமும் முக்கியம். அதற்கு 2018ன் பிற்பாதியில் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 76வது சுற்றைப் பார்க்கலாம். இந்தியாவில் மலம் கழித்த பின் சோப்பு போட்டுக் கை கழுவும் வீடுகள் 74 சதவீதம். சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கழுவும் வீடுகள் 35.8 சதவீதம் மட்டுமே. சாப்பாட்டுக்கு முன் பெரும்பாலோர் வெறும் தண்ணீரில் கையை அலசிவிட்டு உட்காருகிறார்கள். சோப்பு வீட்டில் இல்லாமல் இல்லை. பல வீடுகளில் அது குளியலறைக்குள் இருக்கிறது, சாப்பாட்டுக் கைகழுவும் இடத்தில் இல்லை. புது 100 கிராம் கட்டியைப் பிரித்ததும் கத்தியால் இரண்டாக நறுக்கி, ஒரு பாதியைக் கழிவறைக்கு அருகிலும் மறுபாதியைச் சமையலறைத் தொட்டிக்கோ கொல்லைக் குழாய்க்கோ அருகிலும் வைக்கலாம். தட்டு வைக்க இடமில்லாத குழாய் என்றால், வெங்காயம் வந்த வலைப்பையில் போட்டுக் குழாயின் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டால் தண்ணீர் தானாக வடிந்துவிடும். தண்ணீர்ப் பற்றாக்குறையோ பணப் பற்றாக்குறையோ உள்ள அரசுப் பள்ளிகளின் சத்துணவுக் கூடத்துக்கும் இந்த வலைப்பை முறை பொருந்தும். அங்கே பம்பு பாட்டில் ஒரு வாரம் தாங்காது.